மூன்றாவது ஸ்டட்

முதலாளி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார் என்றால் ஏதோ ஒன்று ஒடியப்போகிறது என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். சாதாரணமாக அவர் கருவிகளைத் தொடுகிறவர் அல்ல. கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து போனில் பேசுவதும், பேசாத நேரத்தில் போனைப் பார்ப்பதும்தான் அவருடைய வேலை. ஆனால் வண்டி கொண்டுவந்தவர் பெண்ணாக இருந்து, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டும் இருந்துவிட்டால், அவருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் மெக்கானிக் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

அன்றைக்கு நின்றவள் ரொட்டி வண்டிக்காரி. பேக்கரியிலிருந்து விடியற்காலையில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக் கடை கடையாக இறக்கிவிட்டு வருவது அவள் பிழைப்பு. வண்டி அவளுடையதுதான், அவளுடைய கல்யாணத்தைவிட வயது கூடிய டீசல் வேன். ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் இறங்கி, ஆயில் பால் காபி மாதிரி ஆகியிருந்தது. மேலே இருக்கும் ஹெட்டைக் கழற்றினால்தான் அதற்கடியில் தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றமுடியும். ஹெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நட்டுகளோ, கீழே என்ஜின் பிளாக்கில் இறங்கி நிற்கும் மரைக்கம்பிகளான ஸ்டட்டுகளோடு துருவால் ஒட்டிக் குடும்பமாகிவிட்டிருந்தன.

"கொஞ்சம் சூடு காட்டிட்டு எடுக்கலாமே, முதலாளி" என்று பின்மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. சுவரைப் பார்த்தபடி போட்ட பெஞ்சில் வேலை செய்கிற மூத்த மெக்கானிக். அவருக்குப் பட்டறையிலும் தெருவிலும் 'பதமா' என்று பெயர். எந்த போல்ட்டில் கை வைத்தாலும் "பதமா... பதமா..." என்று அதனிடம் முணுமுணுப்பார். மனுஷர்களிடம் அவ்வளவுகூடப் பேசமாட்டார்.

"உன் பதத்துக்குக் காத்திருந்தா வண்டிக்குப் பேரன் பொறந்துடும்" என்றார் முதலாளி. ஸ்பேனரின் வாலில் நீளமான இரும்புக் குழாய் ஒன்றைச் செருகினார். குழாயைப் பிடித்து இரண்டு காலையும் ஊன்றி, கிணற்றில் வாளி இழுக்கிறவர்போலப் பின்னால் சாய்ந்தார்.

'டக்' என்று ஒரு சத்தம். நட்டு வந்துவிட்டது என்று முதலில் அவர் நினைத்துக்கொண்டார். நட்டு வந்தது உண்மை. அதோடு ஸ்டட்டின் தலையும் வந்தது. நிறுத்தியிருக்கலாம். பெண்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் தோற்றதுபோல் ஆகிவிடுமே. இன்னும் இரண்டு முறை அதே சத்தம் கேட்டது.

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களாம்மா, எவ்வளவு உளுத்துப்போயிருக்கு? தொட்டாலே ஒடியுது."

"நீங்க எங்க தொட்டீங்க? தொங்கினீங்க."

யாரோ சிரித்தார்கள். முதலாளி முகம் திருப்பிப் பார்த்ததும் எல்லாரும் அவரவர் வண்டிக்கு அடியில் போய்விட்டார்கள்.

"பிளாக்குக்குள்ள மூணு துண்டு நிக்குது. இனிமே இதை எடுக்கறது ஆகாத கதை. வேற என்ஜின்தான் போடணும். அது முடியாதுன்னா சொல்லுங்க, வண்டியை இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கறேன். தெரிஞ்ச ஆளாச்சேன்னு சொல்றேன்."

அவள் ஒரு சாக்கைத் தேடி எடுத்தாள். கழற்றிய ஹெட்டைச் சாக்கில் சுற்றி வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டு, தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னாள். ஸ்டியரிங்கைச் சன்னல் வழியாக ஒரு கையால் பிடித்தபடி அவளும் தள்ளினாள்.

வண்டி வந்து நின்ற இடம், அவளும் பதமாவும் குடியிருக்கிற மூன்று மாடிக் கட்டடத்தின் முன்வாசல். கீழ்த்தளத்தில் ரொட்டி வண்டிக்காரியும் அவள் கணவனும். முன்பு வண்டி ஓட்டியவன் அவன்தான். மூட்டை இறக்கும்போது முதுகில் ஏதோ பிசகி, இப்போது சன்னலோரக் கட்டிலில் படுத்தபடி உலகத்துக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டாம் மாடியில் தையல்காரி. அவள் தைத்த துணியைவிட அந்தச் சன்னலிலிருந்து பிரித்துப்போட்ட குடும்பங்கள் அதிகம். மேல்மாடியில் ஒற்றை அறையில் பதமா.

அவர் ஒற்றை ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனைவி இருக்கிறார். மகளின் பிரசவத்துக்கென்று வெளியூர் போனவர், குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றார், பல் முளைக்கட்டும் என்றார், நடக்கட்டும் என்றார். குழந்தை இப்போது பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. பதமாவின் சமையல் சத்தம் தையல்காரிக்கு மனப்பாடம். ஒரு பாத்திரம், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பிட்ட கையோடு கழுவிக் கவிழ்த்து வைக்கிற சத்தம். பிறகு ஒன்றும் கேட்காது. "ரேடியோகூட வைக்கமாட்டேங்கிறாரே, இந்த மனுஷன் ராத்திரி வரைக்கும் என்னதான் பண்றாரு?" என்று அவள் பலமுறை கவலைப்பட்டிருக்கிறாள். ஏறிப்போய்க் கேட்டதில்லை.

அன்று மாலை பதமா வேலை முடிந்து வந்தபோது வண்டிக்காரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனார். நாலைந்து படி ஏறியவர் நின்றார். திரும்பி இறங்கிவந்தார். என்ஜின் மூடியைத் தூக்கி, விரலால் அந்த மூன்று இடங்களையும் தடவிப் பார்த்தார்.

"எப்ப வண்டி ஓடணும்?" என்று என்ஜினைப் பார்த்துக் கேட்டார்.

"திங்கக்கிழமை விடியக்காலைல லோடுக்கு நிக்கணும்ணே. இல்லேன்னா வேற வண்டியை வெச்சுக்கறேன்னு பேக்கரி மேனேஜர் சொல்லிட்டாரு. ஒரு தடவை வேற ஆள் உள்ள வந்துட்டா அந்த லைன் திரும்ப நமக்கு வராது."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. பாக்கலாம்."

இரண்டாம் மாடியில் தையல் மிஷின் நின்றது. பதமா தானாக ஒருவரிடம் பேசி அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. "அண்ணேன்னு கூப்பிட்டுட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்று தையல்காரி துணி தைக்க வந்தவளிடம் கண்ணைச் சிமிட்டினாள். அப்படி ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று எல்லாருக்கும் ஓர் ஆசை.

சனிக்கிழமை மாலை பதமா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே போய் நின்றார். "வெல்டிங் செட்டை நாளைக்கு ஒருநாள் எடுத்துட்டுப் போகட்டுமா, முதலாளி?"

"எதுக்கு?"

அவருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. கொஞ்சம் யோசித்து, "கட்டில் கால் ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

"ஒத்தை ஆளுதானேய்யா படுக்கிறே? மூணு கால் போதும்."

முதலாளி தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். பதமாவும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு, தன் சொந்தக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முதல் ஸ்டட்டில் கை வைத்தபோது கட்டடத்தில் பாதிப் பேர் பல் தேய்க்கிற சாக்கில் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த ஸ்டட் பிளாக்குக்கு மேலே விரல் நகம் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஊது விளக்கால் அதைச் சுற்றிலும் சூடேற்றினார். சூடு ஏறியதும் ஒரு மெழுகுவத்தியை ஸ்டட்டின் அடியில் தொட்டார். மெழுகு உருகி, மரையின் இடுக்கில் தானாக உறிஞ்சிக்கொண்டு இறங்கியது. பிடிகுறடால் கவ்வி, முதலில் கழற்றுகிற பக்கம் திருப்பவே இல்லை. இறுக்குகிற பக்கம் ஒரு துளி, பிறகு கழற்றுகிற பக்கம் ஒரு துளி, மறுபடி இறுக்குகிற பக்கம்.

"என்னண்ணே, எடுக்கறீங்களா, போடறீங்களா?" என்றாள் வண்டிக்காரி.

"ஆட்டணும். வம்பு பண்ற ஆளை முதுகுல தட்டிக் கூட்டிட்டு வர மாதிரி. பதமா..."

"முதுகுன்னா பாத்துத் தட்டுங்க" என்று சன்னலிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். "என்னை மாதிரி படுத்துக்கிட்டா அப்புறம் இவளுக்கு ரெண்டு பேருக்குச் சேவை பண்ணணும்."

"நீ செய்யச் சொல்ற சேவைல பாதி என்ஜின் கேக்காது. பேசாம படு."

ஸ்டட் ஒரு முனகலோடு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பழுப்புத் தூள் உதிர உதிர முழுசாக வெளியே வந்தது. பல் தேய்க்க வந்தவர்கள் வாயில் நுரையோடு சிரித்தார்கள்.

இரண்டாவது ஸ்டட் பிளாக்கின் மட்டத்திலேயே ஒடிந்திருந்தது. பிடிக்க இடமில்லை. அதற்கும் சூடு, மெழுகு. பிறகு கூரான உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி அதைச் சுற்றவைத்தார். வெயில் ஏறியது. வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போனார்கள். இரண்டாவது வெளியே வந்தபோது வாசலில் பதமாவும் வண்டிக்காரியும்தான் இருந்தார்கள். சன்னலில் கணவன், மேலே, இருக்கிறாளா இல்லையா என்று தெரியாதபடி தையல்காரி.

மூன்றாவதுதான் முரடு. தண்ணீர் ஓடும் வழிக்குப் பக்கத்திலிருந்து வருஷக்கணக்காகத் துருவேறிய ஸ்டட். மட்டத்துக்குக் கீழே, குழிக்குள் ஒடிந்திருந்தது. வெல்டிங் செட் இருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து ஒட்டி, அந்தச் சூட்டிலேயே சுழற்றி எடுத்திருப்பார். அது இல்லாததால் கைத் துரப்பணத்தால் ஸ்டட்டின் நடுவே துளை போட்டார். அவள் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து டார்ச் அடித்தாள். துளை நடுவில்தான் விழுந்தமாதிரி இருந்தது.

பையிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். கூர்மழுங்கிய ஆணிபோல இருந்தது. அதன் உடம்பில் மரை தலைகீழாக, இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அதைத் துளைக்குள் விட்டுக் கழற்றுகிற பக்கம் திருப்பினால், திருப்பத் திருப்ப அது ஸ்டட்டைக் கவ்விக்கொண்டு தன்னோடு சேர்த்து வெளியே கொண்டுவரும். எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். மிகவும் கடினமான எஃகு. கடினமானது என்பதாலேயே அது வளையாது, நேராக ஒடிந்துவிடும். ஒடிவதற்குக் கொஞ்சம் முன்னால் விரல் நுனிக்கு மட்டும் ஓர் இறுக்கம் தெரியும். ஸ்டட் நகர்வதும் சாமான் முறுக்கேறுவதும் கைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் பதமா பட்டறையில் சுவரைப் பார்த்துப் பெஞ்சைப் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் பதில் வராது. திமிர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"அண்ணே, அண்ணி எப்ப வருவாங்க?" என்று கேட்டாள் வண்டிக்காரி.

அவர் கை நின்றது. அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு ரொம்ப காலமாகியிருந்தது. கட்டடத்தில் எல்லாரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வருவா" என்றார். பிறகு, "வரமாட்டா போலிருக்கு" என்றார். தானே கொஞ்சம் சிரித்தார். "பொண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போறாங்க. குழந்தையை யாரு பாத்துக்கறது?"

"நீங்களும் அங்க போயிடலாமில்ல?"

"ஒரு தடவை போனேன். கூடத்துல ஒரு சோபா. ராத்திரி அதுல படுக்கணும், அவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி மடிச்சு வைக்கணும். நாலு நாள்ல வந்துட்டேன்." கை மறுபடி திருப்பத் தொடங்கியது. முன்னே ஒரு துளி, பின்னே ஒரு துளி. "பேரன் இருக்கானே, அவன் என்னை என்னன்னு கூப்பிடறான் தெரியுமா? போன் தாத்தா."

"போன் தாத்தாவா?"

"நான் போனுக்குள்ளதான் குடியிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கான். அன்னிக்குப் போயிருந்தப்போ என்னை நேர்ல பாத்துட்டு, ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பாக்கறான். உள்ள நான் இருக்கேனான்னு." அவர் குரலை மெலிதாக்கிக்கொண்டார். "'பாட்டி, தாத்தா வெளிய வந்துட்டாரு! மூடி வைக்காம விட்டுட்டீங்களா?'"

வண்டிக்காரி டார்ச்சை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். சன்னலில் கணவன் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சிரிக்க வைக்காதீங்கண்ணே, வலிக்குது!" மேலே தையல்காரிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். பதமா இப்படிப் பேசுவாரா? அவருக்கு இத்தனை குரல் இருக்கிறதா? அவர் முகமே வேறு மாதிரி ஆகியிருந்தது. மகள் வீட்டுச் சோபாவைப் பற்றியும், அதன் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பற்றியும் அடுத்ததாகச் சொல்லத் தொடங்கினார். கையில் ஸ்டட் லேசாக நகர்ந்தது.

நகர்ந்தது என்று அவர் நினைத்தார்.

'டிக்' என்றது. கடிகாரம் துடிக்கிற அளவுக்குத்தான் சத்தம். வண்டிக்காரிக்கு அது கேட்கவில்லை. "சோபாவுல பள்ளம்? அப்புறம்?" என்று சிரித்தபடியே கேட்டாள்.

அவர் பிடியை மட்டும் வெளியே எடுத்தார். அதன் நுனி இல்லை.

"என்னண்ணே?"

"ஒடிஞ்சிடுச்சு."

"அதான் முன்னாடியே ஒடிஞ்சதாச்சே."

"அது ஸ்டட்டு. இது அதை எடுக்கிற சாமான். உள்ளேயே நின்னுடுச்சு."

"சரி, அதுலயும் ஓட்டை போட்டு எடுத்துடுங்க."

"இதுல ஓட்டை விழாதும்மா. ஓட்டை போடற பிட்டைவிட இது கெட்டி."

சாயங்காலம் வரைக்கும் அவர் விடவில்லை. கூரான பஞ்ச் உளியை வைத்துத் தட்டினார். சின்னச் சின்னச் சில்லாகத் தெறித்தது, ஒரு சில்லு அவர் கன்னத்தில் ஏறியது. இருந்த பிட்டுகளெல்லாம் மழுங்கின. ஒரு முறை பிட் வழுக்கி, ஓரத்திலிருந்த பிளாக்கின் மரையையும் சேர்த்துக் கடித்துவிட்டது.  அவள் டார்ச்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு இல்லாம ஓட்டிப் பாக்கலாமா?" என்று கணவன் கேட்டான். குரலில் கேலி போயிருந்தது.

"ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிறது அது. பாதி லைன்ல தண்ணி உள்ள வந்துடும். அப்புறம் என்ஜினே இருக்காது."

"எடுக்க எத்தனை நாளாகும்?" என்றாள் அவள்.

"பட்டறைல இருக்கிற சின்னச் சாணைக்கல் கிடைச்சா... நாலஞ்சு நாள். மெதுவா அரைச்சுத்தான் எடுக்கணும். புதுசா மரை வெட்டணும்."

அவள் எழுந்து வாசலின் அந்தக் கோடிக்குப் போய்ப் போனில் பேசினாள். அவள் பேசியது மட்டும்தான் கேட்டது. "சார், ஒரு நாலு நாள்... இல்ல சார், ஹெட்டு கழட்டியிருக்கு... நான் வேணா ஒரு வாடகை வண்டி... இல்ல சார், அது தெரியும் சார்... எத்தனை வருஷமா சார்... சரிங்க சார்." திரும்பி வந்து, கவிழ்த்திருந்த வாளியை நிமிர்த்தி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலையில் தையல்காரி ஒரு கேள்வியை எழுப்பினாள். மாடிப்படியில் நின்று கொஞ்சம் உரக்கவே எழுப்பினாள்.

"அந்த ஆளு கையில ஒரு சாமான் ஒடிஞ்சுதுன்னு யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா? இத்தனை வருஷத்துல? ஊர்ல ஒடிச்சதையெல்லாம் கொண்டுவந்து கொடுத்து எடுக்கச் சொல்றாங்க. முதல் ரெண்டும் வெண்ணெய்ல இருந்து எடுக்கற மாதிரி எடுத்தாரு. மூணாவது மட்டும் எப்படி ஒடிஞ்சுது?"

 பதில் தெரியாத கேள்விக்கு இருக்கிற ஒரே பதில் மத்தியானத்துக்குள் எல்லாப் படிகளிலும் ஏறி இறங்கிவிட்டது. முதலாளிக்கு வண்டிமேல் கண். இவர் முதலாளியின் ஆள். அன்பாகச் சிரித்துப் பேசினாரே, எதற்கு? என்றைக்காவது பேசியிருக்கிறாரா?

அன்று பட்டறையில் பதமா சாணைக்கல்லைக் கேட்டார். விஷயத்தைச் சொல்லித்தான் கேட்கவேண்டியிருந்தது. முதலாளி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஓ, கட்டில் கால் அதுதானா? என் கஸ்டமரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் லீவு நாள்ல வேலை பாக்கறே. வேற ஆளா இருந்தா இந்நேரம் கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப வண்டி நகராது, இல்ல?"

"கல்லு கொடுத்தா..."

"கல்லு எங்கேயும் போகாது. நீ போய் வேலையைப் பாரு."

இரண்டொரு நாளில் முதலாளியின் கார் கட்டடத்தின் முன்னால் வந்து நின்றது. சன்னலோரம் நின்று கணவனிடம் முதுகைப் பற்றி நலம் விசாரித்தார். தன் அண்ணிக்கும் அப்படித்தான் என்றார். வண்டி நிற்க நிற்க இரும்பு இளைக்கும், இப்போது என்றால் இந்த விலை, அடுத்த மாதம் என்றால் அதுவும் இல்லை என்றார். வண்டிக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இழுத்துப் போக வேறொரு வண்டியை முதலாளி முன்னேற்பாடாகக் கொண்டுவந்து தெருமுனையில் நிறுத்தியிருந்தார்.

அன்று மாலை படியில் பதமா ஏறும்போது அவள் வழியில் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஊர்ல ஆயிரம் சொல்றாங்க, நான் நம்பலை. நீங்க சொல்லுங்க. எப்படி ஒடிஞ்சுது?"

அவர் வாயைத் திறந்தார். எப்படி ஒடிந்தது என்று அவருக்குத் தெரியும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டு, அதற்குப் பதில் சொல்லி, அவர்கள் சிரித்து, அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சொல்லி, கை எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோய் ஒடிந்தது. அதைச் சொன்னால், அன்றைக்குக் கேட்ட கேள்வியை அவள் தன் தலையில் தூக்கிக்கொண்டு திரிவாள்.

"ஒடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

அவள் வேறு ஏதாவது வரும் என்று பார்த்தாள். வரவில்லை. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். அவர் மேலே ஏறினார். இரண்டாம் மாடிச் சன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.

மறுநாள் வண்டி அவருடைய பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது.

"உள்ள இருக்கிறது உன்னோட சாமான்தானே? நீயே எடு" என்றார் முதலாளி. வெல்டிங் செட்டையும் சாணையையும் அவரே தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். ஊசி முனை மாதிரிக் கற்கள் கொண்ட புதுப் பெட்டி ஒன்றையும் வாங்கிவந்திருந்தார். "அவசரமே இல்ல. எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்க. பதமா பண்ணு."

பதமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசிக்கல்லால் எக்ஸ்ட்ராக்டரை மாவாக அரைத்தார். ஒவ்வொரு அரைப்புக்கும் நிறுத்தி, காந்தத்தால் தூளை எடுத்து, விளக்கை வைத்துப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூடச் சில நாள் எழுந்திருக்கவில்லை. எக்ஸ்ட்ராக்டர் போனது. ஸ்டட்டின் மிச்சம், சுவரில் ஒட்டிய ஓடுபோல ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வந்தது. அன்றைய துளை நடுவில் விழவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. குழியின் மரை பாதி செத்திருந்தது. அதைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, புதிய மரை வெட்டினார். மரை வெட்டும் டேப்பை ஒரு சுற்று விடுவார், அரைச்சுற்று திரும்ப எடுப்பார், எண்ணெய் விடுவார். உள்ளே குழல்போன்ற எஃகுப் புஷ் ஒன்றை மரையோடு முடுக்கி, அதற்குள் புது ஸ்டட்டை நிறுத்தினார். விரலால் சுண்டினால் மணிபோலச் சத்தம் வந்தது.

கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் பிளாக்கில் ஒரு மயிர்க்கோடு விழும்; யாருக்கும் தெரியாது; சில மாதத்தில் வண்டி படுத்துவிடும். ஸ்பேனரைப் பிடித்தபடி அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்து, குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு நட்டையும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு முடுக்கினார். அவருக்கு வேறு மாதிரி முடுக்கத் தெரியவில்லை.

முதல் சாவிக்கே என்ஜின் பிடித்துக்கொண்டது. "கேளுங்கடா சத்தத்தை! பழைய வண்டின்னா வண்டி" என்று முதலாளி பட்டறை முழுவதற்கும் அறிவித்தார். வண்டிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். பக்கவாட்டில் பட்டறையின் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். பேக்கரியில் இடையில் வந்த வண்டி தாமதமாக வருகிறதாம், மேனேஜருக்குக் கோபமாம். முதலாளி போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"முதல் லோடுக்கு நீயே போ. மேடு பள்ளத்துல சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வா. நாளைலேருந்து டிரைவர் வருவான்."

விடியற்காலையில் பதமா பேக்கரியின் பின்கதவுக்கு வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுபோய் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை; அதைத்தான் கேட்க வந்திருந்தார். பக்கக் கண்ணாடியில், தலையில் துணித்தொப்பியும் மாவு படிந்த ஏப்ரனுமாகச் சுமை ஏற்றுகிறவர்கள் வரிசையாக வந்தார்கள். மூன்றாவதாகத் தட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவள் ரொட்டி வண்டிக்காரி. அவள் இங்கே கூலிக்குச் சேர்ந்தது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

தட்டுகள் ஏறி முடிந்தன. பின்கதவு சாத்திக்கொள்ள மறுத்தது. ஒருவன் அறைந்தான். இன்னொருவன் தோளால் முட்டினான். மேற்பார்வையாள் வந்து தாழ்ப்பாளைத் திட்டினார். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். கதவின் கீழ்மூலையில் முழங்காலைக் கொடுத்து, கைப்பிடியைப் பிடித்து லேசாக மேலே தூக்கித் தள்ளினாள். 'க்ளிக்' என்று கதவு பொருந்தியது. "ரைட், போலாம்" என்று வழக்கத்தில் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏம்மா, பாத்து!" என்றார் மேற்பார்வையாள். "அடுத்தவங்க வண்டி. புதுப் பெயின்டு. கை பாரு எப்படிப் பதிஞ்சிருக்கு."

கண்ணாடியில் பதமா பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பக்கவாட்டின்மேல் ஈர மாவில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவள் ஏப்ரனின் சுத்தமான நுனியைத் தேடி எடுத்து, வாயால் ஊதி, விரல் விரலாக அதைத் துடைத்தாள்.